கடல் தாண்டிப் போன சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியேறியவர்கள் கையோடு கொண்டுபோன சமையல், போன இடத்தில் எப்படி உருமாறுகிறது, எதனால் உருமாறுகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் வரலாறும் இருக்கும், நடுநடுவே என் அபிப்பிராயமும் தலைநீட்டும்.

உள்ளூர்க்காரர்களின் நாக்குக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே சமையல் மாறுகிறது?

அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் முழுப் பழியையும் உள்ளூர் நாக்கின் மேலேயே போட்டுவிடுகிறோம். சமைப்பவர் எந்த மாவட்டத்திலிருந்து வந்தார், போன ஊரின் சந்தையில் என்ன கிடைத்தது, எல்லையில் எதைத் தடுத்தார்கள், அடுப்பில் எவ்வளவு தீ வந்தது, சாப்பிட வந்தவர் உட்கார்ந்து சாப்பிட்டாரா, பார்சல் வாங்கிக்கொண்டு போனாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு சமையலை மாற்றுகின்றன. முதல் வாடிக்கையாளர் கதவைத் திறக்கும் முன்பே பாதி மாற்றம் நடந்து முடிந்திருக்கும்.

முதலில் மாறுவது எது?

ஒரு நாட்டுச் சமையல் முழுதாகக் கப்பலேறுவதே இல்லை. சில மாவட்டங்களின் சமையல்தான் ஏறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன சீனர்களில் பெரும்பாலோர் தெற்கே குவாங்டாங் மாகாணத்து முத்து நதிக் கழிமுகத்தைச் சேர்ந்தவர்கள், அதிலும் பலர் தைஷான் வட்டாரத்துக்காரர்கள். பிரிட்டனில் 'இந்திய' உணவகம் என்று பலகை மாட்டியவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இன்றைய வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள். 1880க்கும் 1920க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பான்மை நேப்பிள்ஸ், சிசிலி, கலாப்ரியா என்று தெற்கத்தியர்கள். அதனால்தான் அமெரிக்கர்களுக்கு இத்தாலி என்றால் தக்காளியும் பூண்டும். வடக்கே வெண்ணெயும் அரிசியும் மக்காச்சோள மாவும் புழங்கும் இன்னொரு இத்தாலி இருப்பது அவர்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்படிப் போன சீனர்களும் சில்ஹெட்காரர்களும் பெரும்பாலும் தனியாகப் போன ஆண்கள். சுரங்கத்திலோ ரயில் பாதையிலோ கப்பலின் எஞ்சின் அறையிலோ வேலை பார்த்தவர்கள். ஊரில் அவர்களுக்குச் சமைத்துப் போட வீட்டில் பெண்கள் இருந்தார்கள். இங்கே அவர்களே கரண்டி பிடிக்க வேண்டியிருந்தது. அம்மா சமைத்த ருசி நினைவில் இருந்தது, செய்முறை கையில் இல்லை. வெளிநாடுகளில் புகழ்பெற்ற பல 'தேசிய' உணவுகள் இப்படி நினைவை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சமைத்தவர்களின் கைவண்ணம்.

சாப் சூயி சீனாவில் உண்டா, இல்லையா?

அமெரிக்கச் சீன உணவகங்களில் புகழ்பெற்ற சாப் சூயியை 'சீனாவிலேயே இல்லாத சீன உணவு' என்று கிண்டலடிப்பது வழக்கம். தைஷான் வட்டாரத்தில் கிடைத்த துண்டுதுணுக்குகளைப் போட்டு வதக்கும் எளிய வீட்டு உணவு ஒன்று அதே பெயரில் இருந்திருக்கிறது. பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ போய்த் தேடியவர்களுக்கு அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சீன ராஜதந்திரி லீ ஹுங்சாங் 1896இல் நியூயார்க் வந்தபோது அவருடைய சமையல்காரர் கண்டுபிடித்தது என்று ஒரு கதை பிரபலம். அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் முன்பே, 1884இல், வோங் சின் ஃபூ என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய மனிதர் பெயர் ஒட்டிய கதைகள் உணவு விஷயத்தில் அதிகம். பெரும்பாலும் விற்பனைக்காக ஒட்டியவை.

அப்புறம் ஜெனரல் ஸோ சிக்கன்? அதற்கும் இப்படி ஒரு கதைதானா?

இதில் கதை இன்னும் சுவையானது, ஆளும் நிஜமானவர். பெங் சாங்குவெய் சீனாவின் ஹுனான் மாகாணத்துச் சமையல்காரர். 1949இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது தோற்ற தரப்போடு தைவானுக்குப் போனவர். அரசு விருந்துகளுக்குச் சமைத்துவந்த அவர் 1950களில் ஒரு கோழி வகையைப் புதிதாகச் செய்து, தன் மாகாணத்து ராணுவத் தளபதி ஸோ ஸுங்டாங் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தத் தளபதி 1885இலேயே இறந்துவிட்டவர், கோழியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெங் செய்தது ஹுனான் பாணிப்படி உப்பும் புளிப்பும் காரமும் தூக்கலாக இருந்தது. சர்க்கரை துளியும் கிடையாது.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து சில சமையல்காரர்கள் தைவான் தலைநகர் தைபேய்க்கு வந்து அவர் சமையலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பிப் போய் 1972 வாக்கில் ஹுனான் உணவகங்கள் திறந்தார்கள். கோழியை மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்து, மேலே இனிப்பும் புளிப்புமான குழம்பை ஊற்றினார்கள். பெங் 1973இல் தானே நியூயார்க் வந்து கடை போட்டபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. அசல் ஆளையே காப்பியடித்தவர் என்று சொன்னார்கள். அவரும் கடைசியில் இனிப்பைச் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு ஹுனானின் தலைநகரமான சாங்ஷாவில் கடை திறந்து இதே கோழியை மெனுவில் வைத்தார். அங்கே அது எடுபடவில்லை, ரொம்ப இனிப்பு என்றார்கள். 2016இல் தமது 98ஆவது வயதில் அவர் காலமானார்.

இந்தக் கோழியை எந்த நாட்டு உணவு என்று சொல்வது? ஹுனான்காரர் ஒருவர் தைவானில் உருவாக்கி, நியூயார்க்கில் இனிப்பேறியது. ஹுனான்காரர்களுக்கு அது அந்நியம்.

சட்டங்களுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அமெரிக்கா 1882இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடை செய்தது, 1943 வரை அந்தத் தடை நீடித்தது. ஆனால் வணிகர்களுக்கு விலக்கு இருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் வணிகர் பட்டியலில் சேர்த்தது. சலவைக் கடைக்காரருக்குக் கிடைக்காத அனுமதி ஹோட்டல்காரருக்குக் கிடைத்தது. விளைவு, பலர் பணத்தைப் போட்டுக் கூட்டாக உணவகம் திறந்து, முறை வைத்து ஒவ்வொருவராக 'நிர்வாகி' ஆனார்கள். விதிப்படி நிர்வாகி எடுபிடி வேலை பார்க்கக் கூடாது, கடையும் ஓரளவு உயர்தரமாக இருக்க வேண்டும். அமெரிக்க நகரங்களில் சீன உணவகங்கள் பெருகியதற்கு அவர்களுக்குச் சமையல் மேல் இருந்த காதலைக் காரணமாகச் சொல்வது அழகாக இருக்கும். விசா என்று சொல்வதுதான் சரி.

பொருள்களுக்கும் தடை வரும். சிச்சுவான் மிளகு எலுமிச்சை இனச் செடிகளுக்கு நோய் கொண்டுவரலாம் என்று 1968இல் அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்தது. 2005இல்தான், சூடேற்றிப் பதப்படுத்தினால் சரி என்று தடையைத் தளர்த்தியது. நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்தக் குறுகுறுப்பு இல்லாமல் சிச்சுவான் சமையல் ஏது? ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் வெறும் மிளகாய்க் காரத்தையே சிச்சுவான் ருசி என்று நம்பி வளர்ந்தார்கள். சமையல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்டின் உள்ளுறுப்புகளை வைத்துச் செய்யும் ஸ்காட்லாந்தின் ஹாகிஸுக்கும் இதே கதிதான். ஆட்டு நுரையீரலை உணவில் சேர்க்க 1971 முதல் அமெரிக்காவில் தடை இருப்பதால், அங்கே செய்யும் ஹாகிஸ் நுரையீரல் இல்லாமலேயே தயாராகிறது.

வேண்டிய பொருள் கிடைக்காவிட்டால் என்ன செய்கிறார்கள்?

கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். சில காலம் போனபின் மாற்றுப் பொருள்தான் 'சரியான' பொருள் ஆகிவிடுகிறது.

எத்தியோப்பியாவின் இஞ்சரா, டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் மெத்தென்ற பெரிய தட்டை ரொட்டி. அமெரிக்கா போன எத்தியோப்பியர்களுக்கு டெஃப் சுலபமாகக் கிடைக்கவில்லை. கோதுமை மாவையும் பார்லி மாவையும் கலந்து சமாளித்தார்கள், கலப்பு கூடக் கூட நிறம் வெளுத்தது, புளிப்பும் மாறியது. 1980களில் ஐடஹோ மாநிலத்தில் டெஃப் பயிரிட ஆரம்பித்தார்கள். 2006இல் எத்தியோப்பியா உள்நாட்டு விலை ஏறாமலிருக்க டெஃப் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது அந்த ஐடஹோ வயல்கள் கைகொடுத்தன.

டிரினிடாடுக்கு 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் கொத்தமல்லித் தழைக்குப் பதில் அங்கே தானாக வளரும், நீண்ட ரம்பப் பல் இலை கொண்ட இன்னொரு மூலிகைக்கு மாறினார்கள். வாசனை கிட்டத்தட்ட அதே, வீரியம் அதிகம். இன்று அந்த இலை இல்லாத டிரினிடாட் சட்னியை அங்குள்ளவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அயர்லாந்துக்காரர்களின் கதையும் இதே மாதிரி. ஊரில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் சாப்பிட்டவர்கள் நியூயார்க்கில் யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சிக்கு மாறினார்கள். புனித பேட்ரிக் தினத்துக்கு அமெரிக்காவில் அதுதான் ஐரிஷ் பாரம்பரியம்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்ரீராச்சா சாஸ். பெயர் தாய்லாந்தின் ஒரு கடலோர ஊருடையது. அமெரிக்காவில் அதைப் பிரபலமாக்கிய டேவிட் டிரான், சீன வம்சாவளியைச் சேர்ந்த வியட்நாம் அகதி. 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தொழில் தொடங்கி, மெக்சிகோ சமையலின் ஹலபெனோ மிளகாய் சிவந்து பழுத்ததை அரைத்துப் புட்டியில் அடைத்தார். ஊரில் செய்யும் சாஸ் இதைவிட நீர்த்தது, இனிப்பானது. தாய்லாந்துக்காரர்கள் இந்தப் பச்சை மூடிப் புட்டியைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக அந்தப் புட்டி கெட்ட சாஸ் ஆகிவிடாது.

எல்லா இடத்திலும் காரம் குறைந்து இனிப்புத்தானே கூடுகிறது?

இல்லை. அமெரிக்காவையும் பிரிட்டனையும் மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். சீனச் சமையல் இந்தியாவுக்கு வந்தபோது எதிர்த்திசையில் போனது. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா என்ற சீனச் சமூகத்தினரின் சமையலில் பச்சை மிளகாயும் இஞ்சியும் பூண்டும் ஏறின. அந்தக் கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் மும்பையில், நறுக்கிய இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, மசாலாப் பொடிக்குப் பதில் சோயா சாஸும் சோள மாவும் சேர்த்துச் செய்ததுதான் சிக்கன் மஞ்சூரியன். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெருவில் சீனச் சமையலில் உள்ளூர் மஞ்சள் மிளகாய் புகுந்தது. 1975க்குப் பின் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் குடியேறிய வியட்நாம்காரர்கள் அங்கே ஏற்கெனவே காரமாக இருந்த நன்னீர் இறால் வகை ஒன்றை எடுத்து, பூண்டும் வெண்ணெயும் கொட்டி இன்னும் கனமாக்கினார்கள்.

இனிப்பு கூடும் இடங்களில்கூட நாக்கு மட்டும் காரணமாக இருப்பதில்லை. பார்சல் வியாபாரம் வேறொரு கணக்கைக் கேட்கிறது. அரை மணி நேரம் பெட்டிக்குள் கிடந்தாலும் நமத்துப் போகாத தடித்த மாவுப் பூச்சு வேண்டும். ஓடாமல் ஒட்டிக்கொள்ளும் கெட்டிக் குழம்பு வேண்டும், அதற்குச் சோள மாவும் சர்க்கரையும் தோதானவை. அமெரிக்கச் சீன உணவின் அடையாளமான மடிப்புக் காகிதப் பெட்டி, முதலில் சிப்பி வாங்கிப் போவதற்காக 1894இல் சிகாகோவில் காப்புரிமை பெற்ற பெட்டி! தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து இந்தியர்களின் பன்னி சௌ இதே பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தது. பாதி ரொட்டியைக் குடைந்து உள்ளே கறியை ஊற்றிவிட்டால் பாத்திரமே தேவையில்லை.

இத்தாலிய உணவில் இவ்வளவு இறைச்சி எங்கிருந்து வந்தது?

கூலியிலிருந்து. தெற்கு இத்தாலியில் இறைச்சி பண்டிகை நாளுக்கானது. அமெரிக்காவில் தொழிலாளியின் கூலிக்கே வாரத்தில் பல நாள் இறைச்சி வாங்க முடிந்தது. கத்திரிக்காயில் செய்த பார்மிஜானாவில் கோழி வந்து உட்கார்ந்தது. சிறிதாக இருந்த இறைச்சி உருண்டை பெரிதாகி, அதுவரை தனியாகப் பரிமாறிய ஸ்பகெட்டியின் மேல் ஏறிக்கொண்டது. உள்ளூர்க்காரர்களின் ருசிக்குப் பணிந்த மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. குடியேறியவர்கள் தங்களுக்காகவே செய்துகொண்டது இது. பட்டினி கிடந்த ஊரில் கனவு கண்டதைக் கைநிறையச் சம்பாதிக்கும் ஊரில் சமைத்தார்கள்.

சிக்கன் டிக்கா மசாலா பிரிட்டிஷ் உணவா, இந்திய உணவா?

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக் 2001இல் அதை பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்றார். இறைச்சியைக் குழம்போடு சாப்பிடும் பிரிட்டிஷ் வழக்கத்துக்காக டிக்காவோடு மசாலா சேர்ந்தது என்பது அவர் சொன்ன விளக்கம். எந்தக் கடையில் பிறந்தது என்பதில் சண்டை ஓயவில்லை. கிளாஸ்கோ உரிமை கொண்டாடுகிறது, டெல்லியின் பட்டர் சிக்கனோடு உறவுமுறை பேசுபவர்களும் உண்டு.

எனக்கு அந்தச் சண்டையைவிட பிரிட்டிஷ் கறிக் கடைகளின் சமையலறை முறைதான் வியப்பு. வெங்காயத்தை ஏராளமாக வேகவைத்து அரைத்த ஒரே அடிப்படைக் குழம்பு பெரிய அண்டாவில் தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் அதில் கொஞ்சம் எடுத்து, கிரீம் சேர்த்தால் கோர்மா, மிளகாய்த்தூள் சேர்த்தால் மெட்ராஸ், இன்னும் சேர்த்தால் விந்தாலு. கோவாவில் வினிகரும் பூண்டும் போட்டு ஊறவைத்த பன்றிக் கறியாக இருந்த விந்தாலு, இங்கே காரத்தின் அளவுகோலில் ஒரு படியாக மாறிவிட்டது. சமையல் என்ற வகையில் இது இழப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு மதுக்கடைகள் மூடியபின் கும்பலாக வருபவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பத்து வகைக் கறி வைக்க இதைவிடக் கெட்டிக்கார வழி கிடையாது.

இந்தத் தொழிலில் முன்னோடி ஷேக் தீன் முகமது. 1810இல் லண்டனில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் திறந்து, 1812இல் திவாலானார். கூட்டம் வரும் காலத்துக்கு நூற்றைம்பது வருடம் முந்திவிட்டார்.

ஒரே உணவு இரண்டு நாடுகளுக்குப் போனால் இரண்டு விதமாக மாறுமா?

மாறும். செங்குத்துக் கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழற்றிச் சுட்டுச் சீவும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உஸ்மானியப் பேரரசின் பகுதிகளிலிருந்து, குறிப்பாக லெபனானிலிருந்து மெக்சிகோ போனவர்கள் அதைப் பியூப்லா நகரத்தில் ஆரம்பித்தார்கள். போனவர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். அதனால் ஆட்டுக்குப் பதில் பன்றி வந்ததில் மதச் சிக்கல் எழவில்லை. பிறகு மிளகாய் விழுதும் அன்னாசியும் டார்ட்டியா என்ற சோள ரொட்டியும் சேர்ந்து டாக்கோஸ் அல் பாஸ்டோர் ஆனது.

ஜெர்மனியில் வேறு கதை. 1961இல் துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்கள் வந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி ஆள் எடுப்பது நின்றது, வேலை இழந்த பலர் சிறு கடை போட்டார்கள். இதே முறையில் சுட்டுச் சீவிய, துருக்கியில் பெரும்பாலும் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்ட டோனர், பெர்லினில் நடந்துகொண்டே சாப்பிட ரொட்டிக்குள் புகுந்தது. கூடவே முட்டைக்கோசும் பூண்டுச் சாஸும். 1972இல் பெர்லின் ஸோ ரயில் நிலையத்துக்கு எதிரே கடை வைத்த காதிர் நூர்மன்தான் இதை ஆரம்பித்தார் என்று பரவலாகச் சொல்கிறார்கள். போட்டிக் கதைகளும் உண்டு.

அப்படியானால் 'அசல்' என்று எதைச் சொல்வது?

'அத்தென்டிக்' என்று பலகை மாட்டிய கடைகள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. யாருக்காகச் சமைத்தது என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். அசலா என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

அரசாங்கங்களும் இந்தச் சண்டையில் இறங்கியிருக்கின்றன. ஜப்பான் 2006இல் வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களுக்குத் தரச்சான்று வழங்கலாம் என்று திட்டம் போட்டது. அமெரிக்கப் பத்திரிகைகள் 'சூஷி போலீஸ்' என்று கேலி செய்தன, திட்டம் பிசுபிசுத்தது. பத்து வருடம் கழித்து, விரும்பி வரும் வெளிநாட்டுச் சமையல்காரர்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று சான்று தரும் மென்மையான வடிவத்தில் திரும்பி வந்தார்கள். தாய்லாந்து 2002இலேயே வேறு வழியில் போனது. வெளிநாடுகளில் தாய் உணவகம் திறப்பவர்களுக்கு அரசே உதவி செய்தது. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். நேப்பிள்ஸின் பீட்சாக்காரர்கள் 1984இல் சங்கம் அமைத்து, விறகு அடுப்பு, 60 முதல் 90 வினாடி வேக்காடு என்று விதி எழுதிவைத்தார்கள். துருக்கித் தரப்பு டோனருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் பாரம்பரிய உணவு என்ற பாதுகாப்புக் கேட்டபோது 2024இல் ஜெர்மனி ஆட்சேபித்தது. அவர்களைப் பொறுத்தவரை டோனர் ஜெர்மன் தெருச் சாப்பாடு. விண்ணப்பம் 2025இல் திரும்பப் பெறப்பட்டது.

அன்னாசிப் பழம் போட்ட பீட்சாவையும் மன்னிக்கச் சொல்கிறீர்களா?

ருசி உங்கள் விருப்பம். அதன் பிறப்பு வரலாறு மட்டும் அற்புதம். 1962இல் கனடாவின் ஒன்டாரியோவில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கக் குடியேறி, இத்தாலிய உணவின் மேல் டப்பா அன்னாசியைப் போட்டுப் பார்த்தார். இனிப்பையும் உப்பையும் கலக்கும் துணிச்சல், அந்தக் காலத்தில் அங்கே கிடைத்த சீன உணவிலிருந்து வந்தது. ஹவாய் பீட்சா என்ற பெயரில் உள்ள 'ஹவாய்' அந்த அன்னாசி டப்பாவின் பெயர். அன்னாசியின் பூர்வீகம் தென் அமெரிக்கா.

குடியேறியவர்களின் வீட்டுச் சமையலும் இப்படி மாறுகிறதா?

மாறுகிறது, ஆனால் வேறு வேகத்தில். கடைச் சமையல் அந்நியருக்காக மாறும், வீட்டுச் சமையல் நேரம் இல்லாததால் மாறும். காலை உணவும் மதிய உணவும் சீக்கிரம் உள்ளூர் மயமாகின்றன, வேலைக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டுமே. இரவுச் சாப்பாடு தாக்குப்பிடிக்கும். பண்டிகைச் சமையல்தான் கடைசிவரை பிடிவாதமாக நிற்கும். பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று சொல்கிறோம். அந்தத் துண்டைத் தின்றுவிட்டு வந்தவர்களும் திருநாளன்று பாட்டியின் பலகாரத்தைத்தான் செய்கிறார்கள்.

மாறிப்போன உணவு பிறந்த நாட்டுக்குத் திரும்புமா?

சில சமயம் ராஜமரியாதையோடு திரும்பும். 1970இல் அகேஹானந்த பாரதி என்ற மானுடவியலாளர் இதற்கு 'பீட்சா விளைவு' என்று பெயர் வைத்தார். எளிய தெற்கத்திய உணவான பீட்சா, அமெரிக்காவில் கொழுத்துப் புகழடைந்து, பிறகு இத்தாலிக்கே பெருமைக்குரிய பண்டமாகத் திரும்பியதைப் பார்த்து வைத்த பெயர்.

சில சமயம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்கச் சீன உணவகங்களில் சாப்பாடு முடிந்ததும் தரும், உள்ளே சீட்டு வைத்த அதிர்ஷ்டச் சீட்டு பிஸ்கட்டை 1990களில் ஓர் அமெரிக்க நிறுவனம் சீனாவில் விற்கப் பார்த்தது, ஓடவில்லை. சீனர்களுக்கு அது முன்பின் தெரியாத பொருள். அதன் வேர் ஜப்பானில் கியோட்டோ பக்கம் இருக்கிறது, 1878 தேதியிட்ட ஜப்பானியப் புத்தகம் ஒன்றில் அதைச் சுடும் காட்சி படமாகவே உண்டு. கலிஃபோர்னியாவில் ஜப்பானியக் குடியேறிகள் செய்துவந்தார்கள். 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க அரசு அவர்களை முகாம்களில் அடைத்தபோது அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. ஒரு பிஸ்கட் நாடு மாறியதற்குப் பின்னால் இப்படி ஓர் அநியாயம் இருக்கிறது.

அஜினோமோட்டோவால் சீன உணவு உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?

அது 1968இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த வாசகர் கடிதத்திலிருந்து கிளம்பிய பயம். சீன உணவகத்தில் சாப்பிட்டபின் கழுத்து மரத்துப்போவது போன்ற உணர்வு வருகிறது என்று ஒரு மருத்துவர் எழுதினார், அஜினோமோட்டோ உட்படச் சில காரணங்களை ஊகித்தார். உடனே 'சீன உணவக நோய்' என்று பெயர் கட்டிவிட்டார்கள். பின்னால் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில், உணவோடு சேர்த்துச் சாப்பிடும் அளவில் அப்படி ஒரு பாதிப்பு நிலையாகத் தென்படவில்லை. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் பிரித்தெடுத்த இதே பொருளின் ருசி முற்றிய பாலாடைக்கட்டியிலும் தக்காளியிலும் இயல்பாகவே இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டிலும் சேர்க்கிறார்கள். அதைச் சாப்பிட்டு யாரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டதாகப் பேச்சில்லை.

ஏன் சில நாட்டு உணவுக்கு அதிக விலை கொடுக்கிறோம், சிலவற்றை மலிவாகவே எதிர்பார்க்கிறோம்?

சமையலின் உழைப்புக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு குறைவு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவு பற்றி ஆராயும் கிருஷ்ணேந்து ராய் இதை விளக்கியிருக்கிறார். ஒரு சமூகத்திலிருந்து ஏழைகள் குடியேறிக்கொண்டே இருக்கும்வரை அவர்கள் உணவு மலிவாகவே பார்க்கப்படும், அந்த வரத்து குறைந்து, தாய்நாடு பொருளாதாரத்தில் உயரும்போது உணவின் மதிப்பும் உயரும். ஜப்பானிய உணவுக்கு நடந்தது அதுதான். மலிவாக எதிர்பார்ப்பதன் விளைவு தட்டில் தெரியும். கொடுக்கும் விலைக்குள் வர வேண்டுமென்றால் சமையல்காரர் மட்டமான வெட்டையும் டப்பாப் பொருளையும்தான் எடுப்பார். பிறகு அதையே 'தரம் இல்லை' என்று சொல்லுவோம்.

அடுத்த தலைமுறை என்ன செய்கிறது?

பெற்றோர் பணிந்து போன இடத்தில் இவர்கள் விளையாடுகிறார்கள். ராய் சோய் சியோலில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். 2008இல் அங்கே ஒரு வண்டியில் கொரிய முறையில் ஊறவைத்துச் சுட்ட இறைச்சியை மெக்சிகோ டார்ட்டியாவில் வைத்து விற்றார். அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டுமே பக்கத்து வீட்டு வாசனை, யாரையும் திருப்திப்படுத்த அவர் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

மாறிய சமையலில் எதைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வீர்கள்?

லோமோ சால்தாதோ. 1849 முதல் 1874 வரை ஏறக்குறைய ஒரு லட்சம் சீனர்கள் கரும்புத் தோட்டங்களிலும் பறவை எச்ச உரம் வெட்டவும் பெருவுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களோடு போன இரும்புச் சட்டியில் மாட்டிறைச்சித் துண்டுகளைக் கடும் தீயில் புரட்டி, வெங்காயமும் தக்காளியும் மஞ்சள் மிளகாயும் சோயா சாஸும் சேர்த்து, பொரித்த உருளைக்கிழங்கோடும் சோற்றோடும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். பெருக்காரர்களுக்கு அது சொந்த வீட்டுச் சமையல். சீனர்களின் பெயரை அதோடு யாரும் சேர்த்துச் சொல்வதுகூட இல்லை. வாங்கினால் உடனே சாப்பிடுங்கள். ஆறினால் கிழங்கு சாற்றில் ஊறி நமத்துவிடும்.